வலமும் இடமும் சுழித்த கல்

அந்தக் கல்லை அண்ணன் வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, பச்சைப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வாசற்படி ஏறினான். லாரி ஓட்டுகிறவன். ஒரு மூட்டையைத் தூக்கச் சொன்னால் ஒற்றைத் தோளில் போட்டுக்கொண்டு விசில் அடிப்பான். அவன் அப்படி மெல்ல நடந்து நான் அதுவரை பார்த்ததில்லை.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் வந்த சமயம். சிமெண்ட் எவ்வளவு வந்தாலும் ஊருக்குப் போதவில்லை. அண்ணன் இங்கிருந்து உப்பு ஏற்றிக்கொண்டு வடக்கே போவான். திரும்பும்போது அரியலூர்ப் பக்கத்திலிருந்து சிமெண்ட் ஏற்றி வருவான். அங்கே சுண்ணாம்புக்கல் தோண்டும் பள்ளத்துக்கு அருகில் லோடுக்காகக் காத்துக் கிடந்தபோது, சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க ஒரு கல்லை எடுத்திருக்கிறான். மண்ணைத் தட்டிவிட்டுத் திருப்பினால் கல் முழுக்கச் சுழி. சாப்பாட்டுத் தட்டு அகலம், பழுப்பு நிறம், விளிம்பிலிருந்து நடுவரைக்கும் வரி வரியாகச் சுற்றிச் சுற்றிச் சிறுத்துக்கொண்டே போகிற சுழி.

"சங்கு கல்லாப் போயிருக்கு. வலம்புரி," என்றான் அண்ணன். அவன் கண் மதினி மேல்தான் இருந்தது.

எங்கள் ஊரில் சங்கென்றால் சின்னப் பிள்ளைக்கும் விவரம் தெரியும். கடலில் எடுக்கிற சங்கெல்லாம் இடம்புரி. வளையல் அறுக்க வங்காளத்துக்கு மூட்டை மூட்டையாகப் போவது அதுதான். வால் மேலே வரும்படி நிமிர்த்திப் பிடித்தால் வாய் வலப்பக்கம் திறந்தால் அது வலம்புரி. லட்சத்தில் ஒன்று கிடைத்தால் அதிசயம். அதை யாரும் அறுக்க மாட்டார்கள். அது லட்சுமி. அறுப்பவன் வம்சம் விளங்காது என்பார்கள்.

மதினி அப்போது எட்டு மாதம். மூன்றாவது வயிறு. முதல் பிள்ளை பிறக்கும்போதே மூச்சில்லை. இரண்டாவது பெண். நன்றாகத்தான் அழுதாள், பால் குடித்தாள். பேர் வைக்கிற நாளுக்கு முந்தியே போய்விட்டாள். எங்கள் தெருவில் ஒரு வழக்கம் இருந்தது. போன பிள்ளைக்குப் பால் புகட்டிய சங்கை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. அடுத்த பிள்ளையின் உதட்டில் அது பட்டால் ஆகாது. கடலில் போட்டுவிட வேண்டும். மதினியே அதைத் துணியில் முடிந்துகொண்டு கடற்கரைக்குப் போய், போட்டாச்சு அத்தை என்று அம்மாவிடம் வந்து சொன்னாள். அன்றோடு அந்தப் பிள்ளையைப் பற்றிய பேச்சும் வீட்டில் நின்றது. நின்றது என்றால், அடியோடு. தூளி கட்டின கயிற்றின் தடம் உத்தரத்தில் இருக்கும். யாரும் மேலே பார்க்க மாட்டோம்.

அதனால் அண்ணன் அந்தக் கல்லை யாருக்காகக் கொண்டுவந்தான் என்று யாரும் கேட்கவில்லை. அம்மா மஞ்சள் தண்ணீரில் கழுவி, குங்குமம் வைத்து, சாமி படத்துக்குக் கீழே பச்சரிசி பரப்பி அதன்மேல் வைத்தாள். மதினி காலையும் மாலையும் அதைத் தொட்டுக் கும்பிட்டாள். முகம் கொஞ்சம் தெளிந்தது. ஒரு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள்.

எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அது சங்கு இல்லையென்று. நான் பெண்கள் கல்லூரி ஒன்றில் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்திருந்தேன். அம்மோனைட் என்ற கடல்பிராணிக்கு எங்கள் பாடப்புத்தகத்தில் அரைப்பக்கப் படம் உண்டு. வருஷா வருஷம் அதைக் கரும்பலகையில் வரைந்து, செத்தொழிந்த இனம் என்று எழுதி, துடைத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம். அந்தப் படம் எங்கள் வீட்டுப் பச்சரிசி மேல் உட்கார்ந்திருந்தது. தனியாக இருக்கும்போது தொட்டுப் பார்த்தேன். எங்கள் மாவட்டத்தில் பழசு என்றால் ஆதிச்சநல்லூர்த் தாழிதான். அதற்கு மேல் பழசாக ஒன்றை நாங்கள் நினைத்துப் பார்த்ததில்லை. இது ஏழெட்டுக் கோடி வருஷம். மனுஷன் என்ற பேச்சே பூமியில் இல்லாத காலத்தில் அரியலூர் கடலாகக் கிடந்தபோது நீந்தியது. எனக்கு வாய் நீளம் என்று அம்மா எப்போதும் சொல்வாள். அன்றைக்கு அந்த வாயை நான் திறக்கவில்லை. மதினி ஒரு தோசை கூடுதலாகச் சாப்பிடுகிறாளே, அதைக் கெடுப்பானேன்?

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்பார்கள். எங்கள் வீட்டில் அந்த ஆண்டி அம்மாதான். பெருமை தாங்கவில்லை அவளுக்கு. சங்குக்கடை அண்ணாச்சியை வரச்சொல்லி ஆள் விட்டாள்.

அண்ணாச்சி தங்கமான மனுஷர். முப்பது வருஷமாகச் சங்கு தரம் பிரிக்கிறவர்; தொட்டால் போதும், கடலுக்கடியில் எந்தப் பாரில் எடுத்த சங்கு என்று சொல்லிவிடுவார். செருப்பைக் கழற்றிவிட்டு, துண்டை இடுப்பில் கட்டி, கல்லை எடுத்துப் பார்த்தார். சுழி வலமாகப் போனது. கண்ணில் ஒற்றிக்கொண்டார். வலம்புரியேதான் என்றார். அம்மாவுக்குக் கால் தரையில் இல்லை. அண்ணாச்சிக்குத் தொழில் புத்தி விடுமா? எந்தச் சங்கானாலும் வாயைப் பார்க்காமல் கீழே வைக்க மாட்டார். வாய் எங்கே என்று கல்லைத் திருப்பினார். மறுபக்கம் சுழி இடமாகப் போனது.

மறுபடி திருப்பினார். வலம். திருப்பினார். இடம். அவர் முகம் வேர்த்துவிட்டது. முப்பது வருஷத்தில் இப்படியொன்றை அவர் கண்டதில்லை. வாயும் இல்லை, வாலும் இல்லை, ஒரு பக்கம் லட்சுமி, மறுபக்கம் அவளுடைய அக்காள். பச்சரிசி மேல் அதை வைத்துவிட்டுக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"அக்கா, இது ரெண்டுங்கெட்டது. பிள்ளத்தாச்சி இருக்க வீட்ல இத வச்சிராதிய," என்றார்.

மதினி அடுக்களைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அண்ணாச்சி அவளைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார். அன்று முதல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வயிற்றில் கை வைத்துக்கொண்டு பிள்ளை அசைகிறதா அசைகிறதா என்று பார்த்தபடியே இருந்தாள். கொஞ்ச நேரம் அசையாவிட்டால் முகம் வெளுத்துப்போகும். கல்லைக் கடலில் போடு என்று அம்மா. போட்டால் அதனால் ஏதாவது ஆகிவிட்டால் என்று அண்ணன். ஒரு கல், அது பாட்டுக்கு ஏழெட்டுக் கோடி வருஷம் யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் கிடந்த கல், எங்கள் வீட்டுக்கு வந்து பத்து நாளில் எங்களை ஆட்டிவைத்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

மதினி விளாத்திகுளத்துக்காரி. கரிசல் காட்டில் பருத்தி எடுத்து வளர்ந்தவள். கடலைப் பார்த்ததே கல்யாணத்துக்குப் பிறகுதான். கடல் சம்பந்தமாக எதுவானாலும் என்னிடம்தான் கேட்பாள். இதையும் கேட்டாள். அது சங்கே இல்லை மதினி, வலமும் கிடையாது இடமும் கிடையாது என்று சொன்னேன்.

"எனக்காகச் சொல்லாதளா. கண்ணால காட்டு. காட்டுனா நம்புதேன்," என்றாள்.

நியாயமான பேச்சு. கல்லூரியில் என் மாணவிகள் ஒருத்தியும் அப்படிக் கேட்டதில்லை.

காட்டுவதற்கு அந்த அம்மோனைட்டுக்கு உயிரோடு இருக்கிற சொந்தக்காரன் ஒருவன் எனக்கு வேண்டும். செத்தொழிந்தவனுடைய சாயல் யாரிடம் இருக்கிறது? நாட்டிலஸ் என்று ஒன்று உண்டு. கிழக்கே தீவுகளுக்கு அப்பால், வெளிச்சம் எட்டாத ஆழத்தில் இன்றைக்கும் வாழ்கிறது. எங்கள் கடலில் கிடையாது. ஆனால் செத்த பிறகும் அதன் ஓடு மிதக்கும். எத்தனையோ காதம் மிதந்து வந்து அபூர்வமாக நம் கரையில் ஒதுங்கும். என்னோடு வேலை பார்த்த தோழி புன்னைக்காயல்காரி. அவள் வீட்டில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் அப்படி ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். ஒரு புயலுக்குப் பிறகு அவளுடைய அப்பா கரையில் எடுத்தது. மாதா சங்கு என்று அதற்குப் பேர் வைத்து, அதில் பூப் போட்டு வைத்திருந்தார்கள். எட்டு மாதப் பிள்ளைத்தாச்சி பார்க்க வேண்டும் என்று சொன்னதும், அவளுடைய அம்மா ஒரு வார்த்தை மறுக்கவில்லையாம். தோழி அதைப் பனையோலைப் பெட்டியில் துணி சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்து தந்தாள்.

அடுக்களையில் வைத்துத்தான் காட்டினேன். முதலில் ஓர் உடைந்த சங்கை எடுத்தேன். எங்கள் ஊரில் உடைந்த சங்குக்கா பஞ்சம்? உள்ளே பாருங்கள் மதினி, மாடிப்படி மாதிரி ஒரே வழி, அடியிலிருந்து நுனிவரைக்கும் தடுப்பே கிடையாது, ஒரு நத்தை முழுசும் அதற்குள் சுருண்டு கிடக்கும் என்றேன். பிறகு நாட்டிலஸைப் பெட்டியிலிருந்து எடுத்தேன்.

வெள்ளை ஓட்டில் செம்பழுப்புக் கோடுகள். கல்லில் இருந்த அதே சுற்று. பக்கத்தில் வைத்ததும் அண்ணன் ஐயோ என்று உட்கார்ந்துவிட்டான். ஒன்று கல், ஒன்று ஓடு; ஒன்று நிலமாகிப் போன கடலில் கிடந்தது, ஒன்று போன புயலில் வந்தது; இரண்டுக்கும் ஒரே சாயல். நாட்டிலஸின் ஒரு பக்கம் உடைந்திருந்தது. அந்த உடைசல் வழியாக மதினி உள்ளே பார்த்தாள். முத்துக் குளிக்கிற ஊரில் பிறந்த எனக்குச் சிப்பியின் மினுக்கம் புதிதில்லை. இருந்தாலும் இந்த மினுக்கத்துக்கு நானும் மதினியின் தலையோடு தலை முட்டக் குனிந்தேன். உள்ளே அறை அறையாக இருந்தது. பெரிய அறை, அதற்குப் பின்னால் கொஞ்சம் சின்னது, அதற்குப் பின்னால் இன்னும் சின்னது. நடுப்புள்ளியில் கடுகு மாதிரி ஓர் அறை. அறைக்கு அறை முத்துச்சுவர்.

அம்மா அப்போது குழம்புக்குக் கணவாய் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அதன் வெள்ளை ஓட்டை வாங்கி ஒடித்துக் காட்டினேன். அதற்குள்ளும் மெல்லிய தட்டுத் தட்டாக அறைகள். இந்தக் கல்லுக்குக் கணவாயும் ஒருவகையில் பங்காளிதான், ஓட்டை வெளியே சுமக்காமல் உள்ளே மடக்கி வைத்துக்கொண்டது என்றேன்.

"அப்பம் நான் கொழம்பு வைக்கது சாமிக்குச் சொந்தக்காரனையா?" என்றாள் அம்மா. அந்த வாரத்தில் முதல்முறையாக மதினி சிரித்தாள்.

சிரித்துக்கொண்டே சுவரில் விரல் வைத்தவள் நிறுத்தினாள். ஒவ்வொரு சுவரின் நடுவிலும் சின்ன ஓட்டை இருந்தது. இது எதுக்கு என்று கேட்டாள். நான் பாடம் நடத்துகிற மாதிரியே சொன்னேன்: பிராணி வளர வளர இருக்கிற அறை பத்தாது. முன்னால் தள்ளி வந்து, பின்னால் ஒரு சுவர் எழுப்பி அந்த அறையை அடைத்துவிடும். திரும்ப அதற்குள் போகவே போகாது. ஆனால் விட்டுவிடவும் செய்யாது. அதன் உடம்பிலிருந்து உயிருள்ள ஒரு நூல் எல்லாச் சுவரையும் துளைத்துக்கொண்டு, அந்தக் கடுகத்தனை முதல் அறைவரைக்கும் போகும். அந்த நூல்தான் அறைத் தண்ணீரை இழுத்துக் காலியாக்கிக் காற்றை நிரப்புகிறது. அடைத்துப் போட்ட அறைகள் இருப்பதால்தான் அது மிதக்கிறது. இல்லையென்றால் அடியில் போய்விடும்.

மதினி சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு கல்லைக் காட்டி, இதுக்குள்ளயும் அந்த நூல் இருக்குமா என்று கேட்டாள். இருக்கும் என்று புத்தகம் சொல்கிறது, வெட்டினால்தான் தெரியும் என்றேன்.

"அப்பம் வெட்டுங்க," என்றாள்.

அம்மா கையிலிருந்த கணவாய் நழுவிவிட்டது. வலம்புரியோ எதுவோ, சாமிமாடத்தில் இருந்ததை அறுப்பதா? அண்ணன் பாவம், கல்லை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். மதினி எழுந்து நின்றாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்ன இருக்குன்னு தெரியாம பயந்து பயந்து நான் பெத்துப்போட மாட்டேன் என்றாள். அவள் குரல் அந்த வீட்டில் அவ்வளவு உரக்கக் கேட்டது அதுதான் முதல்முறை.

மாதா கோயில் பக்கத்தில் கல்லறைக்குப் பலகைக்கல் செதுக்குகிற ஆசாரி ஒருவர் இருந்தார். நானும் அண்ணனும் போனோம். கோணியைப் பிரிக்கும் முன்னே அவர் வழக்கம்போல, பேர் என்ன எழுதணும் என்று கேட்டார். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பேர் எழுத இல்லை, தட்டைவாக்கில் நடுவே அறுக்கணும் என்று நான் சொன்னேன். பல்லில்லாத இரும்புத் தகடு, மணல், தண்ணீர்; இழுக்க இழுக்க மணல்தான் கல்லைத் தின்றது. காலையில் ஆரம்பித்தது, வெயில் உச்சிக்கு வந்தும் முடியவில்லை. அண்ணன் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தான். மன்னிப்புக் கேட்டான் என்று நினைக்கிறேன்.

கடைசியில் கல் இரண்டாக விலகியது. ஆசாரி ஒரு சொம்புத் தண்ணீரை அதன்மேல் ஊற்றினார்.

இதுவரை எத்தனையோ பார்த்துவிட்டேன். அதற்கு ஈடாக இன்னொன்றைப் பார்க்கவில்லை. கடைசிப் பெரிய அறையில் மட்டும் சேறு கல்லாக உறைந்திருந்தது. அதற்குப் பின்னால் அறைக்கு அறை தேன் நிறத்தில் படிகம். வெயில் உள்ளே போய் அறை அறையாக நின்றது. அந்த அறைகள் மூடினபிறகு அன்றைக்குத்தான் முதல்முறையாக வெளிச்சம் பார்க்கின்றன. அந்தக் கடல் இல்லை, அதில் நீந்தின ஒன்றுகூட இல்லை, அந்த இனமே ஏன் போயிற்றென்று அன்றைக்கு யாருக்கும் தெளிவாகத் தெரியாது. ஒரு சுவர்கூட இடியவில்லை. ஆசாரி தலைப்பாகையை எடுத்துவிட்டார். நான் அழுதேன். எதற்கென்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

வீட்டில் மதினி இரண்டு பாதியையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தண்ணீர் தெளித்தாள். ஒரு பாதி வலமாகச் சுழித்தது, மறுபாதி இடமாக. ஒரே கல். இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒரே சுழியத்தான் அண்ணாச்சி ரெண்டு பக்கமும் திருப்பிப் பாத்துட்டாவ, அவ்வளவுதான் என்று அவளே சொன்னாள். நாட்டிலஸில் நூல் நடுவே போயிற்று. இதில் நடுவில் காணோம். மதினி குனிய முடியாமல் குனிந்து, வெளிவிளிம்பு ஓரமாக ஒரு மெல்லிய கோட்டைத் தடவிக் கண்டுபிடித்தாள். அறைக்கு அறை, சுவருக்குச் சுவர், விரலை எடுக்காமல் கொண்டுபோனாள். நடுப்புள்ளிக்குக் கொஞ்சம் முன்னால்தான் கண்ணுக்குத் தெரியாமல் போனது.

"ஓரமாப் போவுது. ஆனா அறுகல," என்றாள்.

அன்று இரவு சோறு இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள். கல்லை அம்மா மறுபடி சாமிமாடத்தில் வைக்கவில்லை. கடலில் போடச் சொல்லவும் இல்லை. மாதா சங்கு பனையோலைப் பெட்டியில் புன்னைக்காயலுக்குத் திரும்பிப் போனது.

பிள்ளை ஐப்பசி மழையில் அரசாங்க ஆஸ்பத்திரியில் பிறந்தது. பெண். கல் காப்பாற்றியது என்று நான் சொல்ல மாட்டேன். காப்பாற்றியது பெரிய டாக்டரம்மாவும் மதினியின் தைரியமும்தான். பேர் வைக்கிற நாள் வரைக்கும் வீட்டில் யாரும் சரியாக மூச்சு விடவில்லை. அன்று காலையில் அம்மா அண்ணாச்சி கடையிலிருந்து புதுப் பால்சங்கு வாங்கி வந்து, பாலைக் காய்ச்சி ஆற்றிக்கொண்டு வந்தாள். மதினி சங்கை வாங்கவில்லை. என்னைப் பார்த்து, "என் டிரங்குப் பெட்டியில கூரைப்புடவைக்கு அடியில ஒரு முடிச்சு இருக்கு, எடுத்துட்டு வா," என்றாள்.

அவிழ்த்தால் பழைய சங்கு. ஓரம் தேய்ந்தது.

அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. கடல்ல போட்டுட்டேன்னு சொன்னியே என்றாள். போடல அத்தை என்றாள் மதினி. கடற்கரைவரைக்கும் போனாளாம். கை வரவில்லையாம்.

"அவளும் நம்ம வீட்டுப் பிள்ளதான அத்தை? இவளுக்கு ஒரு அக்கா இருந்தான்னு இது ஒண்ணுதான சொல்லும்?"

அம்மா மதினி கையிலிருந்து சங்கை வெடுக்கென்று வாங்கிக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். ஜன்னல் வழியாகத் தூக்கி எறியப்போகிறாள் என்று நினைத்து நான் பின்னால் ஓடினேன். அம்மா அடுப்பிலிருந்த வெந்நீரை ஊற்றிச் சங்கை அலசிக்கொண்டிருந்தாள். ஒருமுறை அலசினாள், மறுபடி அலசினாள், முந்தானையால் துடைத்தாள். திரும்ப வந்து, அதில் பாலை ஊற்றி, தானே பிள்ளையை மடியில் போட்டுப் புகட்டினாள். பிள்ளை குடிக்கிறதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பெரியவளுக்கும் இப்படித்தான். குடிக்கும்போது வலது கன்னத்துல குழி விழும்," என்றாள்.